பதிமூணு கிலோ சைக்கிளில் நான் ஏற்றிய ஆறு கிலோ

கடைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. எழுத்து கோணலாக இருக்கும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்காவது போய்விடுவேன். ஆள் பேரும் நாளும் மறந்து மறந்து போகுது. பொறுத்துக்கொள்ளுங்கள். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சுற்றி நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடையைப் பார்த்துக்கொள்கிற நித்யா ஒரு நோட்டு வாங்கி வந்து, "எழுதியே குடுத்துருங்கம்மா" என்றாள்.

நான் வேலையை விட்டு வருஷமாச்சு. பழக்கத்துக்கு வந்து உட்கார்கிறேன், அவ்வளவுதான். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒருத்தர் வந்து, "நல்ல ஹார்டுடெயில் எத்தனை கிலோ இருக்கணும்?" என்று கேட்டார். முன்னால் மட்டும் ஸ்பிரிங் வைத்து, பின்னால் ஒன்றும் இல்லாத மலை சைக்கிளைத்தான் அப்படிச் சொல்கிறோம். நீங்கள் போனைப் பார்த்து ஆளுக்கொரு கணக்குச் சொன்னீர்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஸ்போக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய சைக்கிள் ஞாபகம் வரும். ஏன் என்று எழுதுகிறேன்.

எங்கள் கடை அப்போது திருப்பூர் வேலம்பாளையத்தில் இருந்தது. இருபது வாடகை சைக்கிள், கூடவே ரிப்பேர். முன்னால் நின்று பேசுவது எங்கள் வீட்டுக்காரர். சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சக்கரம் கோட்டம் எடுப்பது நான். கோணின சக்கரத்தை நேராக்க அவருக்குப் பொறுமை பத்தாது. எனக்குக் கை வந்துவிட்டது. உங்கள் சக்கரத்தைத் தொட்டது ஒரு பொம்பளை என்று வருகிறவர்களிடம் நாங்களும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

பக்கத்து பனியன் கம்பெனியில் ஆரோக்கியம் என்று ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். மடத்துக்குளத்துக்காரர். துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷினால் வெட்டுகிற வேலை. எங்கள் வீட்டுக்காரரும் அவரும் மச்சான் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வார்கள். சக்கரத்தைத் தொடுவது நான்தான் என்று தெரிந்த ஒன்றிரண்டு பேரில் அவரும் ஒருத்தர். என்னை அக்கா என்பார். அந்தக் கம்பெனியில் வந்து தங்கித் துணி செக் பண்ணிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தான் ஓட்டின மலை சைக்கிளை மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ இருக்கும். இப்போது நீங்கள் விற்கிற ஹார்டுடெயில் மாதிரியேதான், டிஸ்க் பிரேக் மட்டும் கிடையாது. ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற பிரேக். நம் ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.

அதுதான் வம்பாகிப் போச்சு.

நம் ஊரில் நல்லது கெட்டதைத் தராசுதான் சொல்லும். துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போடுவார்கள். அந்த எடைக் கணக்குக்கு ஜிஎஸ்எம் என்று பேர். பேசின எடைக்குக் கீழே வந்தால் துணி மட்டம், கொடுத்தவன் ஏமாற்றுக்காரன். மாஸ்டர் தினமும் பத்துத் தடவை அதைச் செய்கிறவர். அந்தக் கையோடு சைக்கிளைக் கொண்டுபோய்க் கம்பெனியின் துணித் தராசில் ஏற்றிவிட்டார். பதிமூணு கிலோ. எங்கள் வாடகை சைக்கிள் ஒன்று வாசலில் நின்றிருக்கிறது. அதையும் ஏற்றினார்கள். இருபத்திரண்டு கிலோ. கம்பெனியே கூடிச் சிரித்ததாம்.

"ஏனுங்க மாஸ்டரு, நூத்தியெம்பது ஜிஎஸ்எம்னு சொல்லி நூத்திப்பத்தக் குடுத்துட்டுப் போயிட்டானாட்டங்களே அந்தாளு!"

"அதானே பாத்தேன், சும்மாக் குடுக்கறானேன்னு."

சாயங்காலம் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டர் கடைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்னுங்க மச்சான், சர்ச்சுக்குப் போறவரு காவடி தூக்கிட்டு வர்றீங்க?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க மச்சான். இதுல எடை ஏத்திக் குடுங்க. இருவதுகிட்டக் காட்டோணும். கம்பெனிக்குள்ள தல காட்ட முடியல."

திரைக்குப் பின்னால் இருந்த எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்த ரிம்மைச் சுண்டிப் பார்த்தேன். அலுமினியச் சட்டி மாதிரி டொக்கென்றது. நம் இரும்பு ரிம்மைச் சுண்டினால் கிண்ணென்று நிற்கும். கனமாக இருந்தால் உழைக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. இந்த ரிம்மை நம்பி ஒரு ஆள் போவதா என்று எனக்கே பயமாக இருந்தது. பயந்துபோய்த்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நம் நாட்டுக் கம்பெனிகளும் அப்போது அகலச் சக்கரம் வைத்த சைக்கிள் விட ஆரம்பித்திருந்தார்கள். அதன் இரும்பு ரிம் இதற்கு அளவு ஒத்துப்போனது. ரெண்டு சக்கரத்தையும் பிரித்து இரும்பு ரிம்மில் கோத்தேன். ஹேண்டில்பார் இரும்பு, சீட்டுக் கம்பி இரும்பு, ஸ்பிரிங் வைத்த பெரிய சீட்டு, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு. கழற்றினதை எல்லாம் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் சைக்கிள் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தீபாவளி லீவுக்குக் கம்பெனி மூடுகிற அன்றைக்கு மாஸ்டர் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் தங்கச்சிக்குச் சீர் கொடுக்கப் பொங்கலூர் போய்விட்டார். நான் ஒருத்திதான். காலையில் சைக்கிளைக் கழுவி, துடைக்காமல் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். முக்கு திரும்புகிற இடத்தில் பிரேக்கைப் பிடித்தால், பிடிக்கவில்லை. வெண்ணெய் தடவினது மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது. காலை ஊன்றி நிறுத்தினேன். நாலைந்து தடவை அமுக்கின பிறகு லேசாகப் பிடித்தது. வெயிலில் காய்ந்ததும் நன்றாகவே நின்றது. ஈரம்தானே, காய்ந்தால் சரி என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாஸ்டர் வரும்போது கட்டிங் ஆட்கள் நாலு பேர் கூட வந்தார்கள். பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் சைக்கிளை ஏற்றினார்கள். பத்தொன்பது. கைதட்டினார்கள்.

"அக்கா, தீவாளி கழிச்சுப் புதன்கெழம பழனியில இருந்து மொத பஸ்ஸுல இத கொடைக்கானலுக்கு ஏத்தீட்டுப் போறேன். அங்கிருந்து பழனி வரைக்கும் எறக்கந்தான். பெடலே மிதிக்காம வந்து சேரப்போறேன் பாருங்க" என்றார் மாஸ்டர். அப்புறம் கேட்டார்: "பிரேக்கெல்லாம் நிக்குமுங்களாக்கா?"

அஞ்சு பேரும் என்னைப் பார்த்தார்கள். "தண்ணி பட்டா" என்று ரெண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எனக்கு ஏன் என்று தெரியாது. அதற்குள் கூட வந்தவன் ஒருத்தன், "பொம்பளைங்க கோத்த சக்கரமா மாஸ்டரே? இன்சூரன்சு போட்டுட்டுப் போங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன். நிற்கும் என்று அர்த்தம்.

புதன்கிழமை விடிந்தபோது திருப்பூரில் மழை. நம் ஊரில் அப்படி மழை பெய்து நான் ரொம்ப நாள் பார்க்கவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு நின்றிருந்தேன். பால் வாங்கப் போன ஒரு பொண்ணு, நான் சொன்னேனே அந்த அகலச் சக்கர சைக்கிளில் வந்தவள், நேராக வந்து எங்கள் பஞ்சர் தண்ணித் தொட்டியில் மோதி விழுந்தாள்.

"இழுத்துத்தானுங்க்கா புடிச்சேன், நிக்கவே இல்லீங்க! நேத்தெல்லாம் நல்லாப் புடிச்சுது."

முட்டி சிராய்த்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவளை அனுப்பிவிட்டு, ஒரு பிரேக் கட்டையை எடுத்துத் தண்ணியில் முக்கி, நனைந்த இரும்பு ரிம் ஒன்றின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன். சோப்பு மாதிரி ஓடியது. சுவரில் மாட்டியிருந்த மாஸ்டரின் பழைய ரிம்மை எடுத்து அதையும் நனைத்துத் தேய்த்தேன். கையைப் பிடித்து இழுத்தது. ரெண்டாவது தடவையும் செய்தேன். மூன்றாவது தடவை செய்யாமல் ரிம்மைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்த அலுமினிய ரிம்மை அதைச் செய்த வெளிநாட்டுக்காரன் எடைக்காக மட்டும் போடவில்லை. மழையில் நிற்பதற்காகவும் போட்டிருக்கிறான். நான் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழுக்குகிற ரிம்மைப் போட்டு, பின்னால் இருந்து தள்ள ஆறு கிலோ கூடவும் வைத்து, மலையில் இறங்கப் போகிறவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

மணி ஏழரை. வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. யாரிடம் சொல்வது? மாஸ்டர் வீட்டில் போன் கிடையாது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, கிரீஸ் பட்ட சேலையோடு உடுமலை பஸ்ஸில் ஏறினேன். பல்லடத்தைத் தாண்டித் தனியாக நான் போனதே இல்லை. மழைக்குப் பயந்து அவர் கிளம்பாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த நிமிஷமே, மாஸ்டர் மழைக்குப் பயப்படுகிற ஆளா என்று நினைப்பேன். ரோட்டில் யாராவது சைக்கிளில் போனால் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வேன். போய் என்ன சொல்வது என்று யோசித்து ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேன். ஒரு நட்டு முடுக்காமல் விட்டுவிட்டேன், அதை முடுக்க வந்தேன் என்று.

உடுமலையில் பஸ் மாறி மடத்துக்குளம் போய், வீடு விசாரித்துச் சேரும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. மாஸ்டர் சம்சாரம் மேரி வாசலில் நின்றிருந்தார்.

"சைக்கிள்கடை அக்காதானுங்க? உள்ற வாங்க, என்னுங்க இப்படி நனஞ்சு வந்திருக்கீங்க?"

"மாஸ்டருங்க?"

"வெடியறதுக்கு முன்னாலயே போயிட்டாருங்க. பஸ்ஸு மேல ஏத்தறதுக்கு ரண்டு ஆளு வேணும்னு எந்தம்பியவும் இழுத்துட்டுப் போனாரு, அவன் ஏத்திவுட்டுட்டு வந்துட்டான். அந்தக் கனம் கனக்குதாமா. அதுல பெருமை வேற."

நான் அந்த நட்டுக் கதையைச் சொன்னேன். மேரி என் முகத்தையே பார்த்தார். "ஒரு நட்டுக்கா திருப்பூர்ல இருந்து மழையில வந்தீங்க?" என்றார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "மழையில அதுக்குப் பிரேக் புடிக்காதுங்க. எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. சொல்லாம உட்டுட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

திட்டுவார், முடியைப் பிடிப்பார் என்று நினைத்தேன். மேரி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அழுவறத பஸ்ஸுல அழுதுக்கலாம், வாங்க."

பழனி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மலை இருக்கிற பக்கமே தெரியவில்லை. எல்லாம் கருப்பாக மூடியிருந்தது. மேரிதான் யோசனை சொன்னார். நாம் மேலே போவதற்குள் அவர் பாதி வழி வந்துவிடுவார். மேலே போகிற பஸ் எப்படியும் அவரை வழியில் பார்க்கும். டிரைவரிடம் சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார். அப்போதே ஒரு பஸ் கிளம்பப் பார்த்தது. "நீங்க அந்த டிரைவர்கிட்டச் சொல்லுங்க, நான் மேல எங்கயாச்சும் போன் பண்ண முடியுமான்னு ஆபீசுல கேட்டுட்டு வர்றேன்" என்று மேரி ஓடினார்.

நான் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். இன்ஜின் சத்தம். மேலே உட்கார்ந்திருந்தவர் பெரிய மீசைக்காரர். "ஏனுங்க, சைக்கிள்ல ஒருத்தர் வருவாருங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

"சைக்கிள்ல, எங்க ஊருக்காரருங்க, அவருக்கு…"

"சைக்கிள்ல வர்றாரா? சரி சரி, பாக்கறேன்" என்று கியரைப் போட்டுவிட்டார். பஸ் போய்விட்டது.

மேரி திரும்பி வந்தார். போனுக்கு வழியில்லை. "சொல்லிட்டீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேனுங்க."

"எறங்கி உருட்டச் சொன்னீங்களா? பிரேக் இல்லேன்னு சொன்னீங்களா?"

நான் பஸ் போன பக்கமே பார்த்தேன். மேரிக்குப் புரிந்துவிட்டது. அவர் அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து. என் ஆயுசில் அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் தனியாகக் கழித்துவிடலாம் என்றால் கழித்துவிடுவேன்.

அடுத்த பஸ் நகர ஆரம்பித்தபோது நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. முன்னால் போய், பஸ்ஸின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டேன். டிரைவர் பிரேக் அடித்ததில் உள்ளே நின்றவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள்.

"ஏம்மா, எம் பஸ்ஸுக்குப் பிரேக் இருக்கான்னு சோதிக்கிறியா?" என்று கத்தினார். உள்ளே சிரிப்பு.

"உங்களுக்கு இருக்குதுங்க, அவருக்கு இல்லீங்க!" என்று நானும் கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "மேல இருந்து ஒருத்தர் சைக்கிள்ல எறங்கி வர்றாருங்க! கேரியர் வெச்ச கனத்த சைக்கிளு! மழையில அதுக்குப் பிரேக் புடிக்காதுங்க! அவரப் பாத்தா பஸ்ஸக் குறுக்க நிறுத்தி, எறங்கச் சொல்லுங்க! உருட்டிக்கிட்டுக்கூட வர வேண்டாம், அங்கயே நிக்கச் சொல்லுங்க! சைக்கிள்கடைக்காரி சொன்னான்னு சொல்லுங்க! தப்பு என்னுதுன்னு சொல்லுங்க!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "நிறுத்துறேன், நீ நகரு தாயி" என்றார்.

அப்புறம் காத்திருந்தோம். மேலே இருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடினோம். ஒன்றில் வந்தவர்கள் பார்க்கவே இல்லை என்றார்கள். அடுத்ததில் வந்த ஒரு பெரியவர், "சைக்கிளா? பாறை ஓரமா ஒண்ணு கெடந்துச்சு. ஆளக் காணோம்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மேரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் பிடித்தாரா, துணைக்குப் பிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. விரல் பதிந்த தடம் ரெண்டு நாள் இருந்தது.

மூணு மணி வாக்கில் ஒரு பஸ் வந்தது. மேலே சைக்கிள் கட்டியிருந்தது. முன் சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. பின் படியில் மாஸ்டர் இறங்கினார். இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

மேரி அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல புள்ள. மேல வெயிலு. நல்லாத்தான் வந்துட்டிருந்தேன். பாதி வழியில மழை புடிச்சுது. பிரேக்கு போச்சு. சைக்கிளு என்னைய முன்னால தள்ளுது. செருப்பத் தேச்சுத் தேச்சு வந்தேன். மொதல்ல ஒரு பஸ்ஸு ஏறி வந்துச்சு. டிரைவரு சிரிச்சுக்கிட்டே கையக் காட்டுனாரு. நமக்கெல்லாம் யாரு கையக் காட்டறான்னு நானும் ஒரு கைய உட்டுட்டுக் காட்டுனேன். அப்புறம் ரண்டு மூணு வளைவுதான். திரும்பல. மலைப்பக்கமாப் பாத்துச் சாஞ்சுட்டேன்."

பின்னால் வந்த ரெண்டாவது பஸ் நிறுத்தி, பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி, கீழே வருகிற பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டிருக்கிறது.

நான் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த முதல் பஸ்ஸே நிறுத்தியிருக்கும். அவர் கை உடைந்திருக்காது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்க எதுக்குங்க்கா மழையில இத்தன தூரம்? அந்த டிரைவரு சொன்னாரு, கீழ ஒரு அம்மா தப்பு என்னுதுன்னு கத்தறாங்கன்னு. சைக்கிள்னா விழறதுதானுங்க. உங்க தப்பு என்னுங்க இதுல?"

அங்கேயே விட்டிருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. மேரிக்குத் தெரியும், ஆனால் மேரி வாயைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாள் முழுக்க நான் பயந்ததிலேயே பெரிய பயம் அப்போதுதான். மூணு மணி நேரத்துக்கு முன்னால் அவர் செத்துப்போவாரே என்று பயந்தேன். இப்போது உயிரோடு இருக்கிறவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மாஸ்டரு. ஈரத்துல ஓட்டிப் பாத்தேன், நிக்கல. நீங்க கேட்டப்பச் சொல்றதுக்குக் கூச்சப்பட்டுத் தலையாட்டிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் மேரியிடம், "கைய ஆஸ்பத்திரியில காட்டோணும், வா" என்றார். ரெண்டு பேரும் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேரி ஒரு தடவை பார்த்தார்.

சைக்கிளை நான்தான் பஸ்ஸில் போட்டுத் திருப்பூர் கொண்டுவந்தேன். இரும்பை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பழைய ரிம்மையும் பழைய சாமான்களையும் போட்டு, நனைத்து ஓட்டிப் பார்த்து, எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்து மடத்துக்குளத்துக்கு அனுப்பினேன். மாஸ்டர் மறுபடி கம்பெனிக்கு வர மாசக்கணக்காச்சு. கட்டிங் மெஷின் பிடிக்கிறது வலது கை, துணியை அமுக்குகிறது இடது கை. அந்த இடது கைக்கு முன்னைப்போல அழுத்தம் வரவில்லை. கட்டிங்கை விட்டுத் துணி செக்கிங்குக்குப் போய்விட்டார். எங்கள் கடைக்கு அவர் அப்புறம் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா" என்பார். அதற்கு மேல் நிற்க மாட்டார்.

அதற்குப் பிறகு எந்தச் சைக்கிளைக் கொடுத்தாலும், அதில் எனக்குத் தெரிந்த குறையை ஓட்டப் போகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். காரணம் தெரியாவிட்டால் காரணம் தெரியாது என்பதையும் சொல்வேன். சொல்லும்போது குரல் நடுங்கும். இப்போதும் நடுங்குகிறது. "நீ பேசாத காலத்துலதான் ஏவாரம் நல்லா ஓடுச்சு" என்று எங்கள் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களுக்கு என்னைப்போலக் கூச்சம் இல்லை. ஆனால் வேறு வகையில் நீங்களும் தலையாட்டுகிறீர்கள். "ஓகே சார், சூப்பர் சார்" என்கிறீர்களே, அதைச் சொல்கிறேன்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் கைக்குத் தெரிந்தவரை, நம் ஆட்கள் வாங்குகிற நல்ல ஹார்டுடெயில் பதிமூணு, பதினாலு கிலோ இருந்தால் போதும். பன்னெண்டுக்குக் கீழே போனால் விலை ஏறிவிடும், அது பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு. பதினாறைத் தாண்டினால் மேடேறும்போது ஆளைக் கொல்லும். ஆனால் மொத்த எடையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரேம் சட்டத்தில் ஒரு கிலோ கூட இருந்தால் தெரியாது. சக்கரத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தெரியும். கேரியர் போடச் சொன்னால் போட்டுக் கொடுங்கள். போட்டபின் எடை எவ்வளவு ஆச்சு, இறக்கத்தில் எப்படி நிற்கும் என்று ஈரத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க் வந்துவிட்டதால் நான் பட்ட அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை. வேறு ஏதாவது இருக்கும். அது எனக்குத் தெரியாது.

நான் எழுதின கிலோக் கணக்கு இந்தக் காலத்துக்குச் சரியா என்று நித்யா ஒரு தடவை பார்த்துத் திருத்திவிடவும். பஸ் நேரமும் முன்னப்பின்ன இருக்கலாம்.

இன்னொன்றையும் யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும். மாஸ்டர் விழுந்தது எந்த வளைவில் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த மலை ரோட்டில் சில வளைவில் வெளிப்பக்கம் தடுப்புச் சுவர் இருக்கும், சில வளைவில் வெறும் பள்ளம்தான் என்பார்கள். அவர் மலைப்பக்கம் சாயாமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் என்ன இருந்திருக்கும்? சில நாள் அங்கே சுவர் இருந்தது என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன். சில நாள் அப்படி நினைக்க வராது. மாஸ்டரும் மேரியும் மடத்துக்குளத்தில்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் கேட்டுக்கொண்டு வந்து, இந்த இடத்தில் சரியாக எழுதிவிடுங்கள். இத்தனை வருஷத்தில் நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.